பொருள்: ‘கேமிங் டிவி’க்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

திருநகரிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய டிவி கேம்களை வைக்கிறார்கள். அதில் ஒரு பலகை, ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் 1983-ல் விற்பனைக்கு விட்ட சி1 என்ற டிவியைப் பற்றியது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற டிவி கேம் கருவி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். கேசட்டைச் சொருகினால் ஆட்டம் வந்துவிடும். 1990-ல் சூப்பர் ஃபேமிகாமை உள்ளே வைத்து எஸ்எஃப்1 என்றும் ஒன்று வந்தது. இந்த வகைக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ‘விளையாட்டுத் தொலைக்காட்சி’ என்று எழுதிப் பார்த்தேன். “கிரிக்கெட் போடுற சேனலா மிஸ்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். ‘நிகழ்பட ஆட்டத் தொலைக்காட்சிப் பெட்டி’ பிழையில்லை, ஆனால் அட்டையின் அகலமே ஒரு சாண்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

மேலூரிலிருந்து:

டீச்சர், ‘ஆடுதிரை’. வினைத்தொகை என்பதால் முக்காலமும் அடங்கும். பழைய பெட்டிக்கும் ஆகும், இன்றைய மானிட்டருக்கும் ஆகும். நாலே எழுத்து. குறுந்தொகை 31-ல் ஆதிமந்தி தன்னை ‘ஆடுகள மகள்’ என்கிறாள். ஆடுகளம் இத்தனை காலம் நின்றிருக்கும்போது ஆடுதிரை ஏன் நிற்காது?

டவுன்ஹால் ரோட்டிலிருந்து:

தம்பி, முப்பது வருசமா டிவி பழுது பார்க்கிறேன். “படம் ஆடுதுண்ணே”ன்னுதான் பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிட்டு வருவாங்க. படத்தை மேலயும் கீழயும் விரிக்கிற வெர்டிகல் பகுதி போயிருக்கும், இல்லேன்னா கண்டன்சர் வீங்கியிருக்கும். ஆடுதிரைன்னு அட்டையில போட்டா ரிப்பேர் டிவியைக் கண்காட்சியில வச்சிருக்காங்கன்னு நினைப்பாங்க. ‘டிவி கேம் பெட்டி’ன்னு போடுங்க டீச்சர். உசிலம்பட்டியில கேட்டாலும் புரியும்.

சிம்மக்கல்லிலிருந்து:

அன்புடையீர்,

புரிவது மட்டுமே சொல்லின் வேலை என்றால் அகராதியே வேண்டாம். ‘டிவி கேம் பெட்டி’ என்பதில் ‘பெட்டி’ மட்டும்தான் தமிழ். தொல்காப்பியர் உரியியலில் ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்று நமக்கு இரண்டு சொற்களை எடுத்து வைத்திருக்கிறார். இத்தனை நூற்றாண்டாக அவற்றைத் தொடாமல் வைத்திருக்கிறோம். ‘பண்ணைத்திரை’ என்று ஆளலாம். பண்ணை என்பதற்குக் கூட்டம் என்ற பொருளும் உண்டு. தெருப்பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடி ஆடும் ஆட்டத்துக்கு அது இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

இன்னொன்று, ‘தொலைக்காட்சி’யை இதில் கொண்டுவரவே கூடாது. தொலைவிலிருந்து வரும் காட்சிதான் தொலைக்காட்சி. இந்தப் பெட்டியின் காட்சி அதன் வயிற்றுக்குள்ளிருந்தே வருகிறது.

மேலூரிலிருந்து:

ஐயா, ‘தொலை’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. சி1-ல் விளையாட்டின் படம் ஆன்டெனா வழியைச் சுற்றி வராமல் உள்ளுக்குள்ளேயே நேராகப் போகும். அதனால்தான் படம் தெளிவாக இருந்தது. ஆனால் பண்ணை வேண்டாம். எங்கள் ஊரில் பண்ணை என்றால் கோழிப்பண்ணை, பால்பண்ணை. பண்ணைத்திரை என்றால் கோழிக்கு வெயில் படாமல் கட்டும் படுதா என்றுதான் எங்கள் அப்பா நினைப்பார்.

சிம்மக்கல்லிலிருந்து:

வழக்கிழந்த பொருளை மீட்பதற்குத்தான் கலைச்சொல்லாக்கம். ‘திணை’ என்ற சொல்லை உயிரியலார் எடுத்து ஆளவில்லையா? கோழிப்பண்ணைக்கு அஞ்சித் தொல்காப்பியரைக் கைவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திருநகரிலிருந்து:

ஐயா, பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். பண்ணை எடுபடவில்லை. அண்ணே, ஒரு சந்தேகம். பழைய டியூப் டிவியில்தான் திரையில் பறக்கும் பறவையைச் சுடும் துப்பாக்கி ஆட்டம் வேலை செய்யும், எல்சிடியில் செய்யாது என்கிறார்களே, ஏன்? அந்தக் காரணத்திலிருந்தே சொல் கிடைத்தாலும் கிடைக்கும்.

டவுன்ஹால் ரோட்டிலிருந்து:

டீச்சர், எல்சிடியில படம் ஒரு நொடியில சின்னப் பங்கு தாமதிச்சுத்தான் தெரியும். டியூப்ல அப்படி இல்ல. பிக்சர் டியூப் கழுத்துல இருந்து வர்ற கதிரை, யோக் காயில்னு கழுத்தைச் சுத்தியிருக்கிற காந்தச் சுருள் வளைச்சு, இடமிருந்து வலமா ஒவ்வொரு கோடாப் போட்டுக்கிட்டே கீழ இறங்கும். நம்ம ஊரு முறையில மொத்தம் 625 கோடு. ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ விநாடிதான். ஜப்பான்ல 525 கோடு. சிக்னல் வர வர அப்பப்பவே கோடு விழுந்துரும். துப்பாக்கி விசையை அமுக்குனதும் திரை ஒரு கணம் கறுப்பாகும், அடுத்த கணம் பறவை இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி வாயில இருக்கிற கண்ணு அந்த வெள்ளையைப் பார்த்தா அடி விழுந்ததுன்னு கணக்கு. எல்சிடியில அந்தக் கட்டம் வர்றதுக்குள்ள துப்பாக்கி பார்த்து முடிச்சிரும்.

பெட்டியைப் போட்டதும் கீச்சுன்னு ஒரு சத்தம் வரும், பிள்ளைகளுக்குக் கேட்கும். அது இந்தக் கோடு போடுற வேகம்தான், நொடிக்கு 15,625. எனக்கு இப்பல்லாம் கேட்கிறதில்ல. கடைப்பையன்தான் “அண்ணே, லைன் வந்திருச்சு”ம்பான்.

திருநகரிலிருந்து:

அண்ணே, சொல் கிடைத்துவிட்டது! குறள் 401: ‘அரங்கின்றி வட்டாடி யற்றே’. வட்டாடுவதற்கு முதலில் தரையில் கோடு கிழித்துக் கட்டம் வகுக்க வேண்டும். அப்படி வகுத்த இடம்தான் அரங்கு. அரங்கு இழைக்காமல் ஆட முடியாது. இந்தப் பெட்டியும் ஓயாமல் கோடு கிழித்து அரங்கு இழைத்தபடியே இருக்கிறது, பிள்ளைகள் அதில் ஆடுகிறார்கள். பாண்டி ஆட்டத்துக்குத் தெருவில் கட்டம் போடுவதும் இதே வேலைதான். ‘ஆட்டரங்கு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

சிம்மக்கல்லிலிருந்து:

அம்மா, குறளை எடுத்த இடம் மிக அழகு. எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. ஆனால் புணர்ச்சி பிழை. ஆட்டம் + அரங்கு ‘ஆட்டவரங்கு’ என்று வரும். ‘ஆட்டரங்கு’ என்றால் ஆட்டுப்பால், ஆட்டுக்கால் போல ஆட்டுக்கு உரிய அரங்கு, அதாவது பட்டி. வினைத்தொகையாக்கினால் ‘ஆடரங்கு’. அது நாடகமேடைக்கு ஆகிவந்த சொல், ஆகவே ‘பெட்டி’ சேர்த்தாக வேண்டும்.

மேலூரிலிருந்து:

‘ஆடரங்குப் பெட்டி’. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது ஆட்டம் உள்ளேயே அமைந்த சி1 போன்றவற்றுக்கு மட்டும்தானா, அல்லது 2006-ல் தொடங்கி அரசு கொடுத்த 14 அங்குல டிவிக்கும் ஆகுமா? எங்கள் தெரு முழுக்க அதில்தான் ஆடினோம். அதையும் சேர்க்காவிட்டால் எனக்கு இது பாதிச் சொல்தான்.

டவுன்ஹால் ரோட்டிலிருந்து:

அதுவும் கோடு போடுற பெட்டிதானே தம்பி, சேர்த்துக்கிடலாம். ஆனா அட்டையில சின்ன எழுத்துல ‘டிவி கேம் டிவி’ன்னும் போட்டிருங்க டீச்சர். ஆடரங்குன்னா என்னன்னு பார்க்க வர்ற அம்மாக்களுக்கு யார் சொல்றது?

திருநகரிலிருந்து:

இரண்டையும் போட்டு அட்டையை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ‘ஆடரங்குப் பெட்டி’ மேலே, ‘டிவி கேம் உள்ளே அமைந்த பழைய டிவி’ கீழே. அரசு டிவி ஒன்றையும் பக்கத்தில் வைக்கிறோம். அதன் அட்டையில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணே, சனிக்கிழமை காலையில் வந்து அந்தப் பெட்டியை ஒருமுறை பார்த்துவிட முடியுமா? நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடுதான் தெரிகிறது.

சிம்மக்கல்லிலிருந்து:

அட்டை அச்சானதில் மகிழ்ச்சி. குழுவின் சொற்பட்டியலில் ‘பண்ணைத்திரை’யையும் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள். அதை நான் விடுவதாக இல்லை.