சலவையில் பிசிறு விட்ட ஒட்டுத்துணிப் போர்வை: தையலை எப்படி மீட்பது?

குத்தாலம் பெண்:
அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று வீட்டில் இருக்கிறது. பழைய சுங்குடி, சின்னாளப்பட்டு, வாயில் புடவைகளைச் சாண் அகலத்துக்கு வெட்டிச் சேர்த்தது. நடுவில் மாமாவின் வேட்டி இரண்டு மடிப்பு, அடியில் ஒரு நூல் புடவை. மூன்றையும் பிடித்து நெடுக ஓட்டுத்தையல் போட்டிருக்கிறார்.

கையால் அலசித் தாருங்கள் என்று சொல்லித்தான் சலவைக்குக் கொடுத்தேன். மெஷினில் போட்டுச் சுற்றிவிட்டார்கள். பிரித்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. தையல் நூல் அறுந்த இடங்களைப் பற்றிக் கவலையில்லை, மறுபடி ஓட்டிவிடுவேன். துணியே பிசிறு விட்டிருக்கும் இடங்கள்தான் பிரச்சினை. அத்தை துணியை வீணாக்க மாட்டார், தையலுக்குக் கால் அங்குலம்கூட ஓரம் விடவில்லை. அந்த ஓரம் முழுக்க இப்போது நூல் நூலாக வெளியே நிற்கிறது.

நட்ட நடுவில் இருப்பது அவருடைய கல்யாணக் கூறைப்புடவைத் துண்டு. அரக்கில் கட்டம் போட்டது. அதன் இரண்டு பக்கமும் வாய் பிளந்து வேட்டி தெரிகிறது. இழுத்துப் பிடித்துத் தைத்துப் பார்த்தால் பக்கத்துச் சதுரமெல்லாம் சுருக்கம் விழுகிறது.

மார்கழிப் பனிக்கு அப்பா இதைத்தான் கேட்பார். அதனால் மடித்துப் பெட்டியில் வைக்க முடியாது, தினமும் போர்த்தினால் தாங்க வேண்டும். எனக்கு ஹெம்மிங், காஜா வரை கைத்தையல் வரும். என்ன செய்யலாம்?

கும்பகோணம் டைலர்:
பிசிறைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு, அடியில் ஒட்டுகிற கேன்வாஸ் வைத்து இஸ்திரி போடுங்கள். மேலே மெஷினில் ஜிக்ஜாக் அடித்தால் அரை நாள் வேலை. புதிய மெத்தை விரிப்புக்கு நாங்கள் இப்படித்தான் செய்து கொடுக்கிறோம்.

தஞ்சாவூர் தொம்பைக்காரர்:
அம்மா, தயவுசெய்து பிசிறை வெட்டாதீர்கள். அந்த நூல்கள்தான் மிச்சமிருக்கும் துணி. வெட்டினால் வாய் இன்னும் அகலும்.

நான் கோயில் தேரில் தொங்கும் துணி அலங்காரங்களான தொம்பை, வாசமாலை தைப்பவன். வெயிலும் காற்றும் தின்ற பழைய தொம்பைகள் பழுது பார்க்க வரும், அதனால் சொல்கிறேன். நீங்கள் இழுத்துத் தைத்ததும் சுருக்கம் விழுந்தது ஏன் என்றால், ஓரத்துத் துணி போய்விட்டது. இல்லாத துணியை பக்கத்திலிருந்து கடன் வாங்குகிறீர்கள். இரண்டு ஓரத்தையும் சேர்க்கவே முயற்சி செய்யாதீர்கள். இடைவெளி அப்படியே இருக்கட்டும், அடியில் ஒரு துணி கொடுங்கள்.

மெல்லிய மல் துணி வாங்கி, நனைத்துக் காயவைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்க விடுங்கள். பிளந்த வாய் வழியாக அதை வேட்டிக்கு மேலே நுழையுங்கள். பிளவின் இருபக்கமும் நல்ல துணிக்கு அடியில் 1 அங்குலமாவது போக வேண்டும். போர்வையைத் தரையில் விரித்து வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், மடியில் போட்டால் கோணிவிடும். பிசிறு நூல்களை ஈர விரலால் ஒவ்வொன்றாக நீவி மல் துணிமேல் படுக்க வைத்து, குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். பிறகு நெருக்கமாகச் சின்னத் தையல். ஊசி பிசிறில் இறங்கக் கூடாது, கெட்டியான துணிக்குள் தள்ளி இறங்க வேண்டும். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள்.

அதன்மேல் அரை அங்குலப் பட்டி ஒன்றை, இருபக்க ஓரமும் உள்ளே மடித்து, வைத்து ஹெம்மிங் செய்துவிட்டால் பழுது மூடிவிடும். எல்லாச் சதுரத்துக்கும் அதே பட்டியைக் கொடுத்தால் கரை போட்டதுபோல அழகாகவே இருக்கும்.

நூல் பருத்தி நூல்தான், ஒற்றை இழை. பாலியெஸ்டர் நூல் தான் அறாமல் பழைய துணியை அறுத்துவிடும். நாளைக்கு ஏதாவது இழுபட்டால் நூல் போகட்டும், துணி போகக் கூடாது.

டைலர் தம்பி சொன்ன ஒட்டுக் கேன்வாஸ் புதுத் துணிக்குச் சரி. இதில் விறைத்துக்கொள்ளும், பிறகு பசையைப் பிரித்து எடுக்கவும் முடியாது. கூறைப்புடவையில் பட்டும் கலந்திருக்கும், அந்தச் சூடு அதற்கு ஆகாது.

கும்பகோணம் டைலர்:
அண்ணன் சொல்வது நியாயம், கல்யாணப் புடவைத் துண்டு என்பதை நான் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. கையாலேயே செய்யுங்கள்.

நாகை அக்கா:
இனி சலவைக்கே கொடுக்காதே, கண்ணு. ஈரமான போர்வையின் கனமே தையலைப் பிரித்துவிடும். அகலமான தொட்டியில் பழைய பெட்ஷீட் விரித்து அதன்மேல் போர்வையை வைத்து அலசு. தூக்கும்போது பெட்ஷீட்டோடு இரண்டு பேராகத் தூக்குங்கள். பிழியக் கூடாது. கொடியில் போடாமல் கயிற்றுக் கட்டிலில் நிழலில் விரித்தால் அடியிலும் காற்று போகும். அதற்கு முன், வெள்ளைத் துணியை நனைத்து அரக்குக் கட்டத்தின் மூலையில் ஒற்றிப் பார்த்துக்கொள். சாயம் ஒட்டினால் தண்ணீரே காட்டாதே.

குத்தாலம் பெண்:
எல்லோருக்கும் நன்றி. அத்தையின் மிச்சத் துணி மூட்டை பரணில் இருக்கிறது, பட்டிக்கு அதிலேயே எடுத்துக்கொள்வேன். இரண்டு சந்தேகம். பட்டியை நேராக வெட்டுவதா, கிராஸாக வெட்டுவதா? கூறைத் துண்டின் நடுவிலும் இழைகள் விலகி நிற்கின்றன, அங்கேயும் பட்டி போட்டால் கட்டம் மறைந்துவிடும். அதுதான் மனசு கேட்கவில்லை.

தஞ்சாவூர் தொம்பைக்காரர்:
உங்கள் சதுரங்களுக்கு நேர் பட்டி போதும். கிராஸ் இழுபடும், வளைவுக்குத்தான் அது வேண்டும்.

கூறைத் துண்டில் பட்டி வேண்டாம். அரக்கு நிறத்திலேயே மிக மெல்லிய நைலான் நெட் வாங்கி, சதுரம் முழுக்க மேலே போர்த்தி, நான்கு ஓரத்தையும் பக்கத்துப் பட்டிக்குள் செருகித் தைத்துவிடுங்கள். கட்டத்தின் கோடு மேலேயே அங்கங்கே அதே நிற நூலில் ஓட்டுத்தையல் ஓட்டினால் தையல் கண்ணில் படாது. நெட் வாங்கும்போது துண்டையே கடைக்கு எடுத்துப் போக முடியாது, ஆகையால் மேலே நிற்கும் ஒரு பிசிறு நூலை மட்டும் எடுத்துப் போய், கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்து நிறம் பாருங்கள்.