உரை சுற்றலா, ஒதுங்கலா? படத்தின் மேல் அட்டவணை வைப்பவரின் பார்வையில்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பக்க வடிவமைப்புச் சொற்பட்டியலில், படத்துக்கு இடம்விட்டு எழுத்து விலகி ஓடும் அமைப்புக்கு (text wrap) வைத்திருக்கும் "உரை சுற்றல்" என்பதை முடிந்த சொல்லாகப் பூட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு படத்தின் இரு பக்கமும் பந்தி வளைந்து ஓடும்போது அந்தச் சொல் பொருந்துகிறது, மறுக்கவில்லை. படத்தின் மேல் அட்டவணையை வைத்துப் பாருங்கள், சொல் அங்கே நிற்காது.

கொழும்பு கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரையான புகையிரத நேர அட்டவணையை எடுத்துக்கொள்வோம். பொல்காவலை, குருணாகல், மாகோ, அநுராதபுரம், வவுனியா என்று நிரை நிரையாக இறங்கும் பெயர்கள். அவற்றுக்குப் பின்னால் பக்கம் முழுவதும் ஒரு புகையிரதப் படம். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அட்டவணை தனிப் பொருளாக நிற்பதில்லை. 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் அட்டவணை வசதி சேர்ந்த நாளிலிருந்தே அது எழுத்துச் சட்டகத்துக்குள் (text frame), எழுத்தோடு எழுத்தாகத்தான் ஓடுகிறது. ஆகவே படத்துக்கு "உரை சுற்றல்" அமைப்பு இடப்பட்டிருந்தால், படம் அட்டவணைக்குப் பின்னால் இருந்தாலும் அட்டவணையைத் தள்ளிவிடும். அட்டவணை படத்தைச் சுற்றி வளைவதில்லை. நிரைகளை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடவும் அதற்கு இயலாது. இடம் இருந்தால் படத்துக்குக் கீழே போய் நிற்கும். இடம் இல்லையென்றால் சட்டகத்தின் மூலையில் சிவப்புக் கூட்டல் குறியை மட்டும் விட்டுவிட்டுக் கண்ணிலிருந்து மறைந்துவிடும். புதிதாக வேலை பழகுகிறவர்கள் தரவே அழிந்துவிட்டதென்று பதறுவது இந்த இடத்தில்தான். அவர்களிடம் "உரை சுற்றலை நிறுத்துங்கள்" என்றால் விளங்காது, ஏனென்றால் திரையில் எதுவும் எதையும் சுற்றவில்லை.

நான் முன்வைப்பது "ஒதுங்கல்". "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன்" என்று சொல்கிறோம். பஸ் வரும்போது "ஒதுங்கி நில்" என்கிறோம். ஒன்றுக்கு இடம்விட்டு இன்னொன்று நகர்வதற்குத் தமிழில் நாள்தோறும் புழங்கும் வினை இது. பந்தி பக்கவாட்டில் ஒதுங்கினாலும் அட்டவணை முழுதாகக் கீழே ஒதுங்கினாலும் சொல் பொய்யாவதில்லை.

இதைவிடப் பெரிய நயம் ஒன்று இருக்கிறது. இந்த அமைப்பு மென்பொருளில் இரண்டு இடங்களில் இருக்கிறது. தள்ளும் ஆற்றல் படத்தின் பண்பு, தள்ளலுக்கு இணங்காமல் நிற்பது எழுத்துச் சட்டகத்தின் பண்பு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றுகிறது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. தன்வினை, பிறவினை என்று இலக்கணம் ஏற்கெனவே பிரித்துத் தந்திருக்கிறது. படம் ஒதுக்குகிறது, எழுத்து ஒதுங்குகிறது. எனவே படத்துக்கான பலகையில் "எழுத்தை ஒதுக்கு" என்றும், சட்டகத்துக்கான பெட்டியில் "ஒதுங்காதே" என்றும் போடலாம். நேர அட்டவணை மறைந்துபோனவருக்கு வழி சொல்வதும் எளிதாகிறது: அட்டவணை இருக்கும் சட்டகத்தைத் தெரிவுசெய்து "ஒதுங்காதே" என்பதில் சரி அடையாளம் இடுங்கள். அட்டவணை படத்தின் மேல் வந்து அமரும்.

"ஒதுக்கு" என்பதில் மனிதரை ஒதுக்கிவைத்த வரலாற்றின் நெடி வீசுகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அதனால்தான் தலைச்சொல்லாக "ஒதுங்கல்" இருக்கட்டும், "ஒதுக்கு" கட்டளையில் மட்டும், "எழுத்தை" என்ற செயப்படுபொருளோடு சேர்ந்தே வரட்டும் என்கிறேன். "மேற்பொருந்துகை" என்ற மற்றொரு பரிந்துரையை ஏற்க இயலவில்லை. இலங்கையில் பௌதிகவியல் படித்த எவருக்கும் அது இரண்டு அலைகள் ஒன்றுசேர்வதைக் குறிக்கும் சொல்.

அடுத்து, அட்டவணைக் கலங்களின் (கட்டங்களின்) நிறம். பட்டியலில் "வெளிர்வு" என்ற ஒரே சொல் இரண்டு வேறு செயல்களுக்கு நிற்கிறது. இதைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். நீலத்தை 20 சதவீதமாகக் குறைத்துக் கலத்தை நிரப்பினால் வெளிர்நீலம் கிடைக்கும், ஆனால் அது பின்னால் உள்ள படத்தை முழுதாக மறைக்கும். படம் தெரிய வேண்டுமென்றால் குறைக்க வேண்டியது வேறொன்று. முதலாவதற்கு "வெளிர்வு" இருக்கட்டும். இரண்டாவதற்கு "மறைப்பு" என்கிறேன்: 100 சதவீத மறைப்பு என்றால் பின்னால் எதுவும் தெரியாது, 60 சதவீத மறைப்பு என்றால் படம் மங்கலாகத் தெரியும். இன்டிசைன் இந்தத் திசையில் அளக்கிறது. வேர்ட் மறுதிசையில் அளக்கிறது, அங்கே எண் கூடக்கூடப் படம் தெளியும். அதற்கு "ஒளிகசிவு" பொருந்தும், ஒளிகசியும் பொருள் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்த சொல்தான்.

இன்டிசைனில் தனித்தனிக் கலத்துக்கு மறைப்பைக் குறைக்க வழியில்லை. சட்டகம் முழுவதற்கும் குறைத்தால் புகையிரத நேரங்களும் சேர்ந்து மங்கிவிடும். கலங்களை நிரப்பாமல் விட்டு, சட்டகத்தை வெள்ளையால் நிரப்பி, அந்த நிரப்பலின் மறைப்பை மட்டும் குறைக்க வேண்டும். எழுத்து கறுப்பாகவே நிற்கும், படமும் தெரியும். இந்த மூன்று படிகளையும் "வெளிர்வு" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு விளக்க முயன்று பாருங்கள்.

பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் தளத்துக்கான (layer) "படை", "அடுக்கு" பற்றி நீண்ட வாதம் வேண்டாம். ஓசோன் படை என்று படித்து வளர்ந்த எனக்குப் "படை" இயல்பானது, தமிழகத்து நண்பர்களுக்கு அது சேனை. மேல் கீழ் வரிசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால் "அடுக்கு", "அடுக்கு வரிசை" என்றே வைத்துக்கொள்வோம். அட்டவணையின் கிடைவரிசையான நிரை, நெடுவரிசையான நிரல் இரண்டையும் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேர்ட் மென்பொருளில் அட்டவணைக்கே இந்த அமைப்பு இருக்கிறது. அங்கே அட்டவணை பக்கத்திலுள்ள பந்தியைத் தள்ளும், அதாவது அட்டவணையே ஒதுக்குகிறது. "எழுத்தை ஒதுக்கு" அங்கும் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளின் 1.6 பதிப்பில் அட்டவணை தனிப் பொருள், வைத்த இடத்தில் நிற்கும். அதில் தமிழ் அட்டவணைகளை அமைத்துப் பழகியவர்கள் இந்தச் சொற்களைப் பட்டியலின் மற்றப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்து எழுதினால், அதற்குப் பிறகு "உரை சுற்றல்" பதிவைத் திருத்தலாம்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து