பாலிமர் எல்இடியில் கரும்புள்ளி: அடைமழைக் காலத்தில் என்ன செய்வது?

குடந்தை மாணவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக எம்இஎச்-பிபிவி என்ற ஒளிரும் பாலிமரை வைத்து ஆரஞ்சு நிற எல்இடி செய்கிறேன். ஐடிஓ (மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் படலம்) பூசிய கண்ணாடி, பெடாட்:பிஎஸ்எஸ் (மின்சாரம் கடத்தும் பாலிமர்), ஒளிரும் பாலிமர், கால்சியம், அலுமினியம் என்று அடுக்கு. சித்திரை, வைகாசியில் செய்தவை நன்றாக எரிந்தன. ஐப்பசி பிறந்ததிலிருந்து, எரிய ஆரம்பித்த சில நிமிடத்திலேயே கரும்புள்ளி விழுந்து பரவுகிறது. சில பிக்சலில் (தனித்தனியாக எரியும் கட்டம்) கரண்ட் எகிறுகிறது, வெளிச்சமே இல்லை. பாலிமர் கெட்டுவிட்டதா?

மன்னார்குடி:
பாலிமரைச் சந்தேகப்பட வேண்டாம்மா. கரும்புள்ளி கேத்தோடில், அதாவது எலக்ட்ரான் கொடுக்கும் கால்சியம்-அலுமினிய முனையில், வரும் கோளாறு. அலுமினியத்தில் உள்ள நுண்துளை வழியாக ஈரம் இறங்கி, கால்சியத்தை ஆக்சைடாகவும் ஹைட்ராக்சைடாகவும் மாற்றிவிடும். அந்த இடத்தில் எலக்ட்ரான் பாலிமருக்குள் இறங்காது. மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: எண்ணிக்கை கூடாமல் புள்ளிகள் பெருத்துக்கொண்டே போனால், துளைக்குக் காரணம் செய்யும்போது விழுந்த தூசி, பெருப்பதற்குக் காரணம் ஈரம்.

பெடாட் ஈரத்தை உறிஞ்சும். டெல்டாவின் மழைக்காலக் காற்றில் அதைத் திறந்து வைக்கவே கூடாது. பூசியதும் ஹாட் பிளேட்டில் 120 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். ஈரமும் ஆக்சிஜனும் புகாத க்ளவ் பாக்ஸுக்குள் கொண்டுபோய் இன்னொரு முறை சூடாக்கிய பிறகே பாலிமர் பூசுங்கள். கேத்தோடு போட்டதும் வெளியே எடுக்காமல், உள்ளேயே மூடிக் கண்ணாடியை யூவி (புற ஊதா) ஒளியில் இறுகும் எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள். யூவி காட்டும்போது பிக்சல்களை ஃபாயிலால் மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிமரும் சேர்ந்து கெடும்.

திருவையாறு:
வெளிச்சமில்லாமல் கரண்ட் எகிறுவது ஷார்ட். துருவத்தை மாற்றி 2 வோல்ட் கொடுங்கள். நல்ல பிக்சலில் கரண்ட் மிகக் குறைவாக இருக்கும், ஷார்ட் ஆனதில் இரு பக்கமும் ஒரே அளவு ஓடும். பாலிமர் படலமே 80 நானோமீட்டர்தான். ஒரு மைக்ரான் தூசி அதைப்போல 12 மடங்கு. அதனால் ஐடிஓவை சோப்பு நீர், டீஅயனைஸ்டு தண்ணீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்ற வரிசையில் 10 நிமிடம் வீதம் அல்ட்ராசோனிக்கில் கழுவி, 15 நிமிடம் யூவி-ஓசோனில் வையுங்கள். போர் தண்ணீர் கூடாது, உப்பு படியும். பெடாட், பாலிமர் கரைசல் இரண்டையும் 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்துப் பூசுங்கள்.

குடந்தை மாணவி:
நன்றி அண்ணா. கால்சியமே இல்லாமல் அலுமினியம் மட்டும் போட்டால்?

மன்னார்குடி:
எரியும், ஆனால் மங்கலாக. பாலிமர் எலக்ட்ரானை ஏற்கும் ஆற்றல் மட்டம் சுமார் 2.9 எலக்ட்ரான் வோல்ட்; கால்சியம் அதோடு பொருந்தும், அலுமினியம் 4.3 என்பதால் அதிலிருந்து எலக்ட்ரான் எளிதில் இறங்காது. 1990-இல் கேம்பிரிட்ஜில் பிபிவி என்ற பாலிமரும் அலுமினியமும் வைத்துச் செய்ததன் குவாண்டம் திறன் (நூறு எலக்ட்ரானுக்கு எத்தனை ஒளித்துகள் என்ற கணக்கு) 0.05 சதவீதம்தான், 1991-இல் சாண்டா பார்பராவில் எம்இஎச்-பிபிவியும் கால்சியமும் சேர்ந்தபோது 1 சதவீதம் கிடைத்தது. கால்சியத்தை விடாதீர்கள், மூடி ஒட்டுவதைச் சரிசெய்யுங்கள்.