தாத்தா பத்மினியோட அடிப்பக்கம்

குரூப்: திருவான்மியூர் வீடு

முரளி (காலை 7:40): எல்லாருக்கும் வணக்கம். தாத்தாவோட 82 மாடல் பத்மினி கார் டிங்கரிங் முடிஞ்சுது, ஃப்ளோர் முழுக்க புது தகடு, கதவுக்கு கீழ நீளமா ஓடுற பாக்ஸும் ரெண்டு சைடும் மாத்தியாச்சு. இன்னைக்கு அடியில கருப்பு கோட்டிங் அடிச்சிடுவாங்க, அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துடும்

உமா அத்தை (7:44): அப்பா வண்டியா இது!! போட்டோவ பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சுடா கண்ணா

பெரியப்பா (7:51): நல்ல காரியம் பண்ண முரளி. அந்த காலத்துல பழைய இன்ஜின் ஆயில டீசல்ல கலந்து அடியில அடிப்போம், துருவே கிட்ட வராது

சுந்தர் சித்தப்பா (7:53): முரளி கோட்டிங் அடிக்க வேண்டாம்னு உடனே ஷெட்டுக்கு போன் பண்ணி சொல்லிடு, மத்தத பொறுமையா பேசலாம்

முரளி (7:58): சொல்லிட்டேன் சித்தப்பா, ஏன், தப்பா?

சுந்தர் சித்தப்பா (8:10): என் அம்பாசடருக்கு ஒரு ஷெட்ல இப்படித்தான் தார் மாதிரி தடிமனா அடிச்சு குடுத்தாங்க, அடியில பாத்தா புது ரோடு மாதிரி பளபளன்னு இருக்கும், ரெண்டு மழைக்காலம் போச்சு, ஒரு நாள் டிரைவர் சீட்டுக்கு கீழ ஸ்குரூ டிரைவர வச்சு லேசா அமுக்குறேன், பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சுடா. அந்த கோட்டிங்க பிடிச்சு இழுத்தா தோல் உரியுற மாதிரி ஒரே துண்டா வருது, அதோட உள்பக்கம் ஈரமா இருக்கு, தகடு அப்பளம் அப்பளமா கையில ஒட்டிக்கிட்டு வருது. வெளிய கோட்டிங் மட்டும்தான் நின்னுக்கிட்டிருந்தது, இரும்பே இல்ல. கல்லு பட்டு எங்கயோ மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருக்கு, அது வழியா போன தண்ணி வெளிய வர வழியில்லாம உள்ளயே உக்காந்துடுச்சு

உமா அத்தை (8:14): ஐயோ

சுந்தர் சித்தப்பா (8:22): பத்மினிக்கு தனி சேஸி, அதாவது பாடிய தாங்குற அடிச்சட்டம், கிடையாது, நம்ம மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத்தான் தனி சேஸி உண்டு, பத்மினிக்கு பாடியேதான் சேஸி. அந்த கதவுக்கு கீழ ஓடுற பாக்ஸ் போச்சுன்னா வண்டி நடுவுல தொய்யும், கதவு சாத்தாது. அந்த பாக்ஸ் வெளியிலேர்ந்து அரிக்குறத விட உள்ளேர்ந்துதான் அதிகமா அரிக்கும். நம்ம வீட்டுலேர்ந்து கடல் நடக்குற தூரம், காத்துல வர்ற உப்பு தகட்டுல படிஞ்சா அது தானாவே ஈரத்த இழுத்து வச்சுக்கும், வெயில் காலத்துலயும் துரு ஓடிக்கிட்டேதான் இருக்கும்

பெரியப்பா (8:25): அப்ப நாங்க ஆயில் அடிச்சது தப்பா சுந்தர்?

சுந்தர் சித்தப்பா (8:31): இல்லண்ணா, அந்த யோசனை சரியானதுதான், எண்ணெய் பட்ட எடத்துல தண்ணி நிக்காது, கீறல் விழுந்தாலும் நகர்ந்து மூடிக்கும். ஆனா ரப்பர் புஷ் எல்லாம் ஊறி உப்பிடும், சொட்டி சொட்டி மண்ணும் கெடும். இப்ப அதே வேலைக்கு மெழுகு ஸ்ப்ரே வருது, காஞ்சாலும் கொஞ்சம் பிசுபிசுப்பா இருக்கும், அதுதான் அதோட பலம்

முரளி (8:40): அப்ப கருப்பு கோட்டிங்கே கூடாதா சித்தப்பா?

சுந்தர் சித்தப்பா (8:52): வீல் ஆர்ச் உள்ள டயர் கல்ல வாரி அடிக்குற எடத்துல வேணும்டா, ஆனா கீழ என்ன இருக்குங்கறதுதான் விஷயம். வெறும் தகட்டுல முதல்ல எபாக்சி பிரைமர், கெட்டியாக ஹார்டனர் கலந்து அடிக்குறது, அதுக்கு மேல ஜாயின்ட்ல எல்லாம் இடுக்க அடைக்குற சீலர், அதுக்கு மேல பெயின்ட், வீல் ஆர்ச்ல மட்டும் ரப்பர் கோட்டிங். மெழுகு கடைசியா, வெல்டிங் ஒரு பொட்டு கூட பாக்கி இருக்கக்கூடாது, மெழுகு அடிச்ச பாக்ஸ்ல வெல்டிங் வச்சா தீ பிடிச்சுக்கும். சைலன்சர், பிரேக் டிரம், ஹேண்ட்பிரேக் கேபிள் எதுலயும் படக்கூடாது. நீ ஷெட்டுக்கு போய் ரெண்டு விஷயம் பாரு, இப்ப என்ன பிரைமர் இருக்கு, அந்த பாக்ஸ் அடியில தண்ணி வடியுற ஓட்டை இருக்கா

முரளி (மாலை 5:35): ஷெட்லதான் இருக்கேன். வெறும் ரெட் ஆக்சைடு பிரைமர்தான் அடிச்சிருக்காங்க. ஓட்டைய தேடி கைய விட்டு தடவி தடவி பாத்தேன், ரெண்டு சைடும் ஒண்ணுகூட இல்ல சித்தப்பா

சுந்தர் சித்தப்பா (5:41): நெனச்சேன். கம்பெனி பாக்ஸ்ல இருந்திருக்கும், இது தகட்ட மடிச்சு இங்கயே செஞ்சது, ஓட்டை போட மறந்துட்டாங்க. இப்படியே கோட்டிங் அடிச்சிருந்தா கதவு வழியா இறங்குற மழைத்தண்ணி உள்ளயே தேங்கி நின்னிருக்கும்டா. ரெட் ஆக்சைடு ஈரத்த உள்ள விட்டுடும், அத சுரண்டி எடுத்துட்டு எபாக்சி அடிக்கச் சொல்லு, கூலி கூட ஆனா நான் தர்றேன்

முரளி (6:50): பேசி ஒத்துக்கிட்டாங்க. கூலி நானே பாத்துக்குறேன். ஒவ்வொரு பாக்ஸுக்கும் அடியில மூணு ஓட்டை, முன்னாடி நடுவுல பின்னாடி, 10 மில்லிமீட்டர் போட்டாச்சு

சுந்தர் சித்தப்பா (6:53): உள்ள விழுந்த இரும்புத்தூள வேக்வம் வச்சு இழுத்துடு, அதுவே துருவுக்கு விதை. ஓட்டை விளிம்புலயும் எபாக்சி தடவணும்

உமா அத்தை (7:05): வீட்டுக்கு வந்ததும் மூடி வைக்க பிளாஸ்டிக் கவர் வாங்கட்டுமா?

சுந்தர் சித்தப்பா (7:09): வேண்டாம் உமா, உள்ள வேர்த்துடும், துணி கவர் வாங்கு. அடியில கழுவ போர் தண்ணி வேண்டாம், நம்ம தெருவுல அது உப்பு, மெட்ரோ தண்ணிதான்

முரளி (7:12): மெழுகு எப்ப அடிக்கணும்?

சுந்தர் சித்தப்பா (7:16): பெயின்ட் காஞ்சதும் நான் நாசில எடுத்துக்கிட்டு வர்றேன், எல்லா பக்கமும் தெளிக்குற நீளக் குழாய், அந்த ஓட்டை வழியாவே உள்ள விட்டு, ஓரமா மெழுகு சொட்டுற வரைக்கும் அடிக்கணும். சொட்டி முடிஞ்சதும் சைக்கிள் ஆரக்கம்பியால ஓட்டை அடைக்காம குத்தி விடணும். அக்டோபர் மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்

உமா அத்தை (7:18): அன்னைக்கு எல்லாருக்கும் இங்கதான் சாப்பாடு