ஃப்ராட் (அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் சங்கம்) ரீயூனியனுக்குக் கணவரோடு போகலாமா? காலேஜில் சொல்லாமலே இருந்தவர்கள் வந்து பேசுங்கள்

காவிரிக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. ஒன்பதாம் வகுப்பு வரை திருச்சியில் படித்தேன். அப்பாவுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்ததால் 1993-இல் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டோம். 1997-இல் டெக்சாஸிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ரூம்மேட் இழுத்துக்கொண்டு போனதால் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ரஷ் வாரத்தில் நாலைந்து ஃப்ராட் ஹவுஸ் ஏறி இறங்கினேன், கடைசியில் ஒரு பழைய வெள்ளைக்கார ஃப்ராட்டில் பிட், அதாவது சேர அழைப்பு, கிடைத்தது. எண்பது பேர் இருந்த ஹவுஸில் நம் நிறத்தில் நானும் இன்னொருவனும்தான். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது பதினைந்து வயதிலேயே தெரியும். ஃப்ராட்டில் சேர்ந்துவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அங்கே கிடைத்த பாசம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. புதிதாகச் சேர்கிறவனுக்கு அண்ணன் மாதிரி ஒரு சீனியரை ஒதுக்குவார்கள், பிக் என்று சொல்வோம். முதல் வருடம் எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தபோது என் பிக்தான் தினமும் சூப் டப்பாவைத் திறந்து சூடுபண்ணிக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை கட்டிலில் உட்கார்ந்திருப்பான். எனக்கு அவன்மேல் வந்தது காதலா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அவன், கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம் மாதிரி, தன் காதலிக்கு ஃப்ராட் பின்னைக் குத்திவிட்ட அன்று, வழக்கப்படி நாங்கள் எல்லாரும் டை கட்டிக்கொண்டு அவள் இருந்த சொரோரிட்டி (பெண்கள் சங்கம்) வீட்டு வாசலில் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு அரைவட்டமாக நின்று பாடினோம். மெழுகு என் கட்டைவிரலில் வழிந்து உறைந்தது. கையை அசைக்காமல் பாட்டை முழுசாகப் பாடி முடித்தேன்.

இன்னொரு நாள், 1998 அக்டோபர். வயோமிங்கில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற கே மாணவரை அடித்து வேலியில் கட்டிப்போட்டுப் போய்விட்டார்கள், ஐந்து நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஹவுஸ் டிவி அறையில் அந்தச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் கேவலமாக ஏதோ சொன்னான், இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் பிக் எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போய்விட்டான். அவன் அந்தச் சிரிப்புக்காக அணைத்தானா, செய்தியே பிடிக்காமல் அணைத்தானா? இருபத்தேழு வருடமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தைய மாதம்தான் ஹூஸ்டனில் ஒரு வீட்டுக்குள் போலீஸ் புகுந்து இரண்டு ஆண்களைக் கைது செய்திருந்தது. டெக்சாஸில் அப்போது நாங்கள் சட்டப்படியே குற்றவாளிகள். அந்த வழக்கில்தான் 2003 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கியது.

இப்போது ரீயூனியன் அழைப்பு வந்திருக்கிறது, துணையோடு வரலாம் என்று போட்டிருக்கிறது. 2016-இல் எனக்குத் திருமணம் ஆயிற்று, அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிடுவதா, நேரே இருவரும் போய் நிற்பதா? அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று. அந்தப் பாசமெல்லாம் நான் நடித்துக்கொண்டிருந்த ஆளுக்குத்தானே கிடைத்தது, அதை என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளலாமா?


பனிமூட்டம்:

தம்பி, உங்களை விட எனக்குப் பதினெட்டு வயது கூட. யாழ்ப்பாணத்தில் இருந்து 1982-இல் ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு வந்தவன் நான். அடுத்த வருடம் ஊரில் கலவரம், திரும்பிப் போக வழியில்லை, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாப் பெடியன்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள், நான் மட்டும் தனியாக ஃப்ராட் ஹவுஸில் இருப்பேன். அதைப் பார்த்து ஒருவன் தன் தாய் தகப்பனிடம் கேட்டு என்னைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். மூன்று கிறிஸ்துமஸ் அங்கேதான். அந்த அம்மா எனக்கும் பெயர் பின்னி ஒரு காலுறை தொங்கவிட்டிருப்பார்.

ஹாலிவுட் நடிகர் ராக் ஹட்சன் 1985-இல் எயிட்ஸில் இறந்தபோது எங்கள் ஹவுஸில் ஒரு வாரம் அதே கதை, அதே பகிடி. நானும் சேர்ந்து சிரித்தேன். மேசையின் மறுபக்கம் இருந்து சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னைப் போலவே கே என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர், ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒருவன் 1991-இலும் மற்றவன் 1994-இலும் போய்விட்டான். எயிட்ஸுக்கான கூட்டு மருந்துகள் 1996-இல் வந்தன, இரண்டாவது ஆள் இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் இன்றைக்கு என்னைப் போலக் கொழுப்புக்குக் குளிசை போட்டுக்கொண்டு இருந்திருப்பான். அவன் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் ஃப்ராட் சகோதரர்கள், நானும் ஒருவன். நிமோனியா என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அன்றைக்குச் சாயந்திரம் அவனுடைய காதலன் கார் நிறுத்தும் இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார், குடும்பத்தோடு இருக்க விடவில்லை. அங்கே வைத்துத்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவர் பக்கத்தில் போய் நின்றேன், ஆனால் அப்போதும் என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2004-இல் ஆறு பேருக்குக் கடிதம் எழுதினேன். நாலு பேர் பதில் போட்டார்கள். ஒருவன் இண்டியானாவில் இருந்து நாலு மணித்தியாலம் கார் ஓடிக்கொண்டு வந்து, வாசலில் நின்று அழுதான். ஒருவன் எனக்காகப் பிரார்த்திப்பதாக எழுதினான், அதற்குப் பிறகு பேச்சில்லை. கிறிஸ்துமஸுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் பதிலே போடவில்லை. அவன் அம்மா போட்டார். கடிதத்தோடு அந்தக் காலுறையும் வந்தது.

முதலில் எழுதுங்கள் தம்பி. உங்கள் கணவரை நடுச்சபையில் கொண்டுபோய் நிறுத்தி, எண்பது முகங்களைப் பார்க்கவைக்காதீர்கள். அவருக்கும் அது பாவம்.


நேப்பர்வில்_பையன்:

நான் அடுத்த தலைமுறை, அதனால் என் அனுபவம் வேறு மாதிரி. சென்னையில் பிளஸ் டூ முடித்து 2013-இல் இல்லினாய்ஸுக்கு வந்தேன், ரஷ் சமயத்திலேயே நான் கே என்று சொல்லிவிட்டேன். கேட்ட சீனியர் ‘சரி, ஃபூஸ்பால் ஆடுவியா’ என்றான். அவ்வளவுதான். டேட் பார்ட்டிக்கு மூன்றாம் வருடம் என் பாய்ஃப்ரெண்டைக் கூட்டிப் போனேன், போட்டோவில் இருவரும் ஒரே நிற டை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதே கேம்பஸில் நம்மாட்கள் நடத்தும் ஃப்ராட்டும் இருந்தது, எனக்கு முதலில் அங்கே சேரத்தான் ஆசை. தெற்காசியர்களுக்கான ஃப்ராட்கள் தொண்ணூறுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை, பென்சில்வேனியாவில் 1996-இல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் 1998-இல் டெல்டா எப்சிலான் சை, யூசிஎல்ஏவில் 1999-இல் பீட்டா கை தீட்டா என்று. பருப்பு ரசம் சாப்பிட்டு, ராத்திரி தமிழ்ப் பாட்டு போட்டு ஆடக்கூடிய இடம், யாருக்குத்தான் ஆசை இருக்காது. எங்கள் கேம்பஸில் இருந்த அந்தப் பசங்களும் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களில் பாதிப் பேருடைய அம்மாக்களுக்கு என் சித்தியைத் தெரியும், கோவிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். பசங்களிடம் சொன்னால் சனிக்கிழமைக்குள் ஆரோரா கோவிலுக்குப் போய்விடும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சென்னைக்குப் போய்விடும். அதனால் என் மொழி தெரியாதவர்களிடம் நான் நானாக இருந்தேன், என் மொழி பேசுகிறவர்களிடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கே ஆண்களுக்கென்றே 1986-இல் வாஷிங்டனில் தொடங்கிய டெல்டா லாம்டா ஃபை என்ற ஃப்ராட்டும் இருக்கிறது, எங்கள் கேம்பஸில் அது இல்லை. இருந்திருந்தாலும் சேர்ந்திருப்பேனா என்று தெரியவில்லை. அந்த எழுத்துகள் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போக முடியாதே.

அண்ணா, நீங்கள் நடித்தீர்கள் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காய்ச்சலில் கிடந்தது நீங்கள்தான். சூப்பைக் குடித்ததும் நீங்கள்தான்.


கதவடைத்தவன்:

எல்லாரும் பாசம் பாசம் என்று எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் 2005-இல் ஒரு ஃப்ராட்டில் ப்ளெட்ஜ் (சேர்வதற்கு முன் சோதனைக் காலத்தில் இருப்பவன்) ஆனேன், எந்த மாநிலம் என்று சொல்லப் போவதில்லை. ஆறாவது வாரம் விட்டுவிட்டேன். பேஸ்மெண்டில் எங்களை உள்ளாடையோடு வரிசையாக நிற்கவைத்து, கண்ணைக் கட்டி, பக்கத்தில் நிற்பவனின் கையைப் பிடிக்கச் சொல்வார்கள். பிடித்ததும் மேலிருந்து நாற்பது பேர் அந்த வார்த்தையைச் சொல்லிக் கத்துவார்கள், எல்லாருக்கும் தெரியும் எந்த வார்த்தை என்று. கையை விட்டால் தண்டனை, பிடித்தால் அந்த வார்த்தை. மற்றவர்களுக்கு அது ஒரு ராத்திரிக் கூத்து, குளித்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். எனக்கு, என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நெஞ்சு அடைத்தது. பக்கத்தில் நின்றவன் கை நடுங்கியதா, என் கை நடுங்கியதா என்றுகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாலு வருடம் ஒரு ஆணின் கையை என்னால் பிடிக்க முடியவில்லை, எனக்குப் பிடித்த ஆணின் கையைக்கூட.

இதற்கெல்லாம் கல்லூரிகள் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நாடு முழுக்க ஒரு சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தானது. நல்லது. ரீயூனியனுக்குப் போங்கள் காவிரிக்கரை, தடுக்கவில்லை. ஆனால் உங்கள் ஹவுஸில் பேஸ்மெண்ட் இருந்ததா, அதில் என்ன நடந்தது என்றும் எழுதுங்கள். அதை விட்டுவிட்டு மெழுகுவர்த்தியை மட்டும் எழுதக் கூடாது.


மூன்றாம்மாடி:

எனக்கு ஃப்ராட் எல்லாம் தெரியாது, தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் ஹாஸ்டல், 1999 முதல் 2003 வரை. ராகிங் தடைச் சட்டம் இங்கே 1997-லேயே வந்துவிட்டது, இருந்தாலும் முதல் மாதம் கொஞ்சம் பயந்துதான் இருந்தோம். எங்கள் ஊர் வசதி என்னவென்றால் தோளில் கைபோட்டு நடந்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். பரீட்சை சமயத்தில் இரண்டு கட்டிலை இழுத்துப் போட்டு நாலு பேர் படுப்போம். அவர்களில் எனக்குப் பிடித்த ஒருவன் தூக்கத்தில் என் மேல் காலைப் போடுவான், நான் விடியும்வரை விழித்தே கிடப்பேன். தொடுவதற்கு அனுமதி இருந்தது, சொல்வதற்குத்தான் வார்த்தையே இல்லை. தன்பாலீர்ப்பு என்ற சொல்லையே நான் முப்பது வயதுக்கு மேல்தான் படித்தேன்.

அவன் கல்யாணத்தில் மண்டப வாசலில் உட்கார்ந்து மொய் நோட்டு எழுதியது நான்தான். என் பெயரையும் நானே எழுதி, பக்கத்தில் 501 என்று போட்டேன். 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலுறவு குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த ராத்திரி அவனுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன். ‘என்ன மச்சான் இந்த நேரத்துல’ என்றான். மகள் பள்ளிக்கூடம் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீங்கள் எழுதுங்கள் சார். என்னால் முடியவில்லை.


காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பதில் போட முடியவில்லை, கதவடைத்தவன் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆமாம், இருந்தது. டெக்சாஸ் மண்ணில் பேஸ்மெண்ட் தோண்டுவது அபூர்வம், எங்களுக்குப் பின்பக்கத்து ஷெட். 2000 வசந்த காலத்தில் நான் மூன்றாம் வருடம், ப்ளெட்ஜ்கள் சுவரைப் பார்த்து நிற்கிறார்கள், நாங்கள் பின்னால் நின்று கத்துகிறோம். அதே வார்த்தைதான். எல்லாரையும் விட நான் சத்தமாகக் கத்தினேன், சத்தம் குறைந்தால் யாராவது திரும்பி என்னைப் பார்த்துவிடுவார்களோ என்று பயம். வலது ஓரத்தில் நின்ற பையன் மறுவாரம் வரவில்லை, பிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. உங்கள் ஆறாவது வாரத்தைப் படித்தபோது அந்தப் பையனின் கழுத்தும் சட்டைக் காலரும்தான் கண்முன் வந்தன. என்னை மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்பது பொருந்தாது, ஆனாலும் கேட்கிறேன்.

பனிமூட்டம் அண்ணா சொன்னபடி நேற்று ராத்திரி என் பிக்குக்கு ஒரு மெயில் எழுதினேன். நாலு பத்தி. எனக்குத் திருமணம் ஆகிவிட்டது, அவர் பெயர் இது, இந்த ஊர்க்காரர், இருவரும் வர நினைக்கிறோம். கடைசியில் அந்த டிவியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். காலையில் போனில் ஒரு செய்தி வந்திருந்தது, பிள்ளைகளின் பேஸ்பால் மேட்சில் இருக்கிறேன், படித்துவிட்டேன், ராத்திரி கூப்பிடுகிறேன் என்று. அவ்வளவுதான் இருக்கிறது. பத்துத் தடவை படித்துவிட்டேன், அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு ரசத்துக்குத் தக்காளி நறுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த ப்ளெட்ஜ் பையன் பாதியில் போய்விட்டதால் சுவரில் மாட்டும் எங்கள் குரூப் போட்டோவில் இல்லை. ஆனால் அந்த செமஸ்டர் ரஷ் முடிந்ததும் எழுதிய பெயர்ப்பட்டியல் என் பழைய பெட்டியில் இருக்கிறது, நான்தான் அந்த வருடம் செயலாளர். ராத்திரி என் பிக் கூப்பிடுவதற்குள் அதை எடுத்துப் பார்க்கப் போகிறேன்.