42 பாயிண்ட் எடுத்தும் தோற்றோமே, டிஃபென்ஸின் முன்வரிசையான டி-லைன்தான் காரணமா?

கொலிசியம்_மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். 2023 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டிக்கு (யு.எஸ்.சி.) வந்தேன். அமெரிக்கன் ஃபுட்பால் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ரூம்மேட் இழுத்துக்கொண்டு போய் எங்கள் டீம் ஆடும் கொலிசியம் மைதானத்தில் உட்கார வைத்தான். அப்புறம் நானே டிக்கெட் தேட ஆரம்பித்துவிட்டேன். இப்போது விதிகளெல்லாம் புரிகின்றன. தோல்விகள்தான் புரிய மாட்டேன் என்கின்றன.

போன நவம்பரில், அதாவது 2023-ல், வாஷிங்டன் யுனிவர்சிட்டியோடு நடந்த ஆட்டத்துக்கு நேரில் போயிருந்தேன். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய காலேப் வில்லியம்ஸ்தான் நம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். 42 பாயிண்ட் எடுத்தோம். அவர்கள் 52 எடுத்துவிட்டார்கள். டிலன் ஜான்சன் என்ற ஒரே ஆள் 256 யார்டு ஓடி 4 டச்டவுன் (பந்தை எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோவது) போட்டார். ஆட்டம் முடிந்ததும் காலேப் பார்வையாளர் பக்கம் ஏறிப்போய் அம்மா தோளில் முகம் புதைத்து அழுதார். மறுநாளே டிஃபென்ஸ் (தடுப்பாட்டம்) கோச் அலெக்ஸ் கிரிஞ்சை நீக்கினார்கள். சரி, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

இந்த வருடம், 2024-ல், புது டிஃபென்ஸ் கோச் டி ஆன்டன் லின் வந்துவிட்டார். முதல் ஆட்டத்தில் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியை (எல்.எஸ்.யு.) ஜெயித்தோம். போன சனிக்கிழமை, செப்டம்பர் 21, மிச்சிகன். அவர்கள் பாஸ் எறிந்து எடுத்தது மொத்தமே 32 யார்டு! ஓட்டத்தில் மட்டும் 290. எறியப் போவதில்லை என்று ஊருக்கே தெரிந்தும் நம்மால் நிறுத்த முடியவில்லை. 27-24 என்று தோற்றோம்.

எல்லோரும் "டி-லைன் வீக்" என்கிறார்கள். ஆனால் டிவியில் டேக்கிளை, அதாவது ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்ப்பதைத் தவறவிடுவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரும் கடைசியில் நிற்கும் சேஃப்டியும்தான். டி-லைன் ஆட்கள் எதிராளியோடு முட்டிக்கொண்டு நிற்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியிருக்க, பழி எப்படி அவர்கள் மேல் போகிறது? யாராவது விளக்கமாகச் சொல்லுங்களேன்.

கோல்போஸ்ட்_அக்கா:

தம்பி, நல்ல கேள்வி. நீங்கள் பார்க்கும் கோணத்தில் அப்படித்தான் தெரியும்.

நான் டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன். என் பையன் ஹைஸ்கூல் டீமில் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது டி-லைனின் நடுப்பகுதியில் நிற்கிறவன். அந்த டீமுக்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் உயரமான கம்பத்தில் கேமராவை ஏற்றி வீடியோ எடுப்பது என் வேலை. கோச்சுகள் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பது அந்த வீடியோவைத்தான். டிவி கேமரா பக்கவாட்டிலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டே போகும். லைன் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்த மாதிரி தெரிவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் அவர்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகள் தெரியும். ஓட்டக்காரனுக்குத் தேவை அந்தச் சந்துதான்.

ஒரு ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். எதிர் டீமின் முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதுதான் ஸ்னாப். அது ஆனதும் சென்டரும் பக்கத்தில் நிற்கும் கார்டும் சேர்ந்து, எதிரே டி-லைன் நடுவில் நிற்கும் நம் நோஸ் டேக்கிளை முட்டுவார்கள். டபுள் டீம் என்று கேட்டிருப்பீர்கள். அந்த இருவரும் அவனை மட்டும் தள்ள வரவில்லை. அவனை ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னொருவர் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் போய் மறிக்க வேண்டும். அதுதான் திட்டம். நோஸ் டேக்கிள் முழங்காலை மடக்கி, தோளைத் தாழ்த்தி, இருந்த இடத்திலேயே ஊன்றிவிட்டால் இருவருமே அவனை விட்டு நகர முடியாது. லைன்பேக்கர் மேல் யார் கையும் படாது. நேரே வந்து இரண்டு யார்டில் ஆளைச் சாய்த்துவிடுவான். நோஸ் டேக்கிள் அரை அடி பின்வாங்கினான், அல்லது நிமிர்ந்துவிட்டான் என்று வையுங்கள். சென்டர் தனியாகவே அவனைப் பார்த்துக்கொள்வான். கார்ட் கழன்று போய் லைன்பேக்கர் நெஞ்சில் கை வைத்துவிடுவான். ஸ்னாப் ஆகி ஒரு விநாடிக்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

அப்புறம் என்ன ஆகும்? ஓட்டக்காரன் முழு வேகத்தில் எட்டு யார்டு தாண்டி வருவான். எதிரே சேஃப்டி ஒற்றை ஆளாக, இரண்டு பக்கமும் திறந்த வெளியில் நிற்பான். அங்கே டேக்கிள் தவறினால் டிவி அதை மூன்று முறை திரும்பப் போட்டுக் காட்டும். நோஸ் டேக்கிளின் அரை அடியை யாரும் காட்ட மாட்டார்கள். பந்தலின் நடுக்கால் சாய்ந்த பிறகு ஓரத்துக் கால்களைக் குறை சொல்வது போலத்தான் இது.

என் பையன் ஒரு டேக்கிள் கூட இல்லாமல் வீட்டுக்கு வரும் நாட்கள் உண்டு. மறுநாள் வீடியோ பார்க்கும்போது கோச் அவனைத்தான் முதலில் பாராட்டுவார். ஸ்கோர்ஷீட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? இந்தப் பிள்ளைகளின் உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சரி, உங்கள் டீமுக்கு வருகிறேன். 2022-ல் யு.எஸ்.சி. 11 ஆட்டம் ஜெயித்தது. அந்த வருடமும் ஓட்டத்தைத் தடுப்பதில் திணறல்தான். ஆனால் எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். கிரிஞ்சின் முறை அது. லைன் ஆட்கள் பருமனைவிட வேகத்தை நம்பி, ஸ்னாப் ஆனதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊடுருவ வேண்டும். பலித்தால் பின்னாலேயே ஆளைப் பிடித்துவிடலாம். பலிக்காவிட்டால் லைன் ஆள் விட்டுப்போன சந்து வாசல் மாதிரி திறந்து கிடக்கும். பந்து கிடைத்துக்கொண்டே இருந்தவரை ஓட்டை வெளியே தெரியவில்லை. 2023 ஜனவரி 2, காட்டன் பவுல் என்ற சீசன் கடைசி ஆட்டத்தில் துலேன் யுனிவர்சிட்டியோடு ஆடியபோது தெரிந்தது. ஐந்து நிமிடம் கூட மிச்சமில்லாத நேரத்தில் 45-30 என்று முன்னால் இருந்தவர்கள் 46-45 என்று தோற்றார்கள். துலேனின் டைஜே ஸ்பியர்ஸ் 17 முறை பந்தை வாங்கி 205 யார்டு, 4 டச்டவுன். அதே ஆட்டத்தில் காலேப் 462 யார்டு எறிந்து 5 டச்டவுன் போட்டிருந்தார். அந்தப் பிள்ளை அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்து யார்டு கடக்கக் கிடைக்கும் நாலு முயற்சிகளில் (டவுன்) முதலாவதில் ஆறு யார்டு ஓடிவிட்டால் எதிர் டீமுக்கு மூன்று முயற்சியில் நாலே யார்டுதான் பாக்கி. எறியலாம், ஓடலாம், எது வேண்டுமானாலும் செய்யலாம். நம் டிஃபென்ஸ் எதையும் ஊகிக்க முடியாது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நம் குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். களத்துக்குள் வரும்போது, இந்த முறை டச்டவுன் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தோடு வருவார். எறிய வேண்டாத பந்தை எறிவதெல்லாம் அப்போதுதான்.

சியாட்டில்_செல்வம்:

அக்கா சொன்னதில் பெரும்பாலானதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாஷிங்டன் ஆட்டத்தில் யு.எஸ்.சி. டி-லைனை மட்டும் அடிப்பது நியாயம் இல்லை. 2023-ல் எங்கள் வாஷிங்டனின் அஃபென்சிவ் லைன்தான், அதாவது நம் பந்தின்போது எதிரியை மறிக்கும் முன்வரிசைதான், ஜோ மூர் விருது வாங்கியது. நாட்டிலேயே சிறந்த அஃபென்சிவ் லைனுக்குத் தரும் விருது அது. அவர்கள் முன்னால் யாராக இருந்தாலும் கஷ்டப்பட்டிருப்பார்கள். போதாக்குறைக்கு எங்கள் குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் ஆழமாக எறிவார் என்ற பயத்தில் உங்கள் சேஃப்டிகள் தள்ளியே நின்றார்கள்.

அப்புறம் எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே வாஷிங்டன் 14 ஆட்டமும் ஜெயித்து, ஹூஸ்டனுக்குத் தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல் ஆடப் போனது. 2024 ஜனவரி 8. மிச்சிகன் எங்கள் முன்வரிசையைக் கிழித்துவிட்டது. 303 யார்டு ஓட்டம். பிளேக் கோரம் 134, டானவன் எட்வர்ட்ஸ் 104. எட்வர்ட்ஸின் முதல் இரண்டு பெரிய ஓட்டமும் 41 யார்டு, 46 யார்டு டச்டவுன். ஒரு கை கூட அவர் மேல் சரியாக விழவில்லை. 34-13 என்று தோற்றோம். வருடம் முழுக்க எங்கள் அஃபென்ஸ் ஒளித்து வைத்திருந்த பலவீனம் கடைசி நாளில் வெளியே வந்தது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொலிசியம்_மாணவன்:

அக்கா, மிக்க நன்றி. வாஷிங்டன் ஆட்டத்தை உங்கள் கண்ணோடு திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஜான்சன் பந்தை வாங்கும்போதே முன்னால் பாதை இருக்கிறது. செல்வம் அண்ணா, நீங்கள் சொன்ன ஃபைனலையும் பார்க்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். முன்வரிசை பலவீனம் என்று தெரிந்தால், பின்னால் இருக்கிற ஆட்களை முன்னால் கொண்டுவந்து பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களைக் குவார்ட்டர்பேக் மேல் பாய விடுவது) அனுப்ப வேண்டியதுதானே? இரண்டாவது, இவ்வளவு பணம் இருக்கிற யுனிவர்சிட்டி, வீரர்கள் யுனிவர்சிட்டி மாறும் வழியான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் நல்ல நாலு டி-லைன் ஆட்களைக் கொண்டுவர முடியாதா?

கோல்போஸ்ட்_அக்கா:

முன்னால் கொண்டுவரலாம் தம்பி. கொண்டுவந்தும் இருக்கிறார்கள். சேஃப்டியை முன்னே நிறுத்தினால் ஓட்டத்துக்கு ஒரு ஆள் கூடுவான். ஆனால் பின்னால், பாஸைப் பிடிக்க ஓடும் ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் தன் ஆளோடு தனியாக மாட்டிக்கொள்வான். எதிர் குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுப்பது போல் கையை நீட்டிவிட்டு உருவிக்கொள்வார். முன்னே வந்த சேஃப்டி ஓட்டம்தான் என்று நம்பி இரண்டடி வைப்பான். அவன் தலைக்கு மேல் பந்து போய்விடும். பிளிட்ஸும் அப்படித்தான். நாலு பேரே குவார்ட்டர்பேக்கை நெருக்கினால் பின்னால் ஏழு பேர் காவல். ஆறு பேரை அனுப்பினால் ஐந்து பேர். ஆட்கள் பதினொன்றுதான். முன்னால் குறைகிறதை எங்கிருந்து எடுத்தாலும் எடுத்த இடத்தில் பள்ளம் விழும்.

எடுக்கத் தேவையே இல்லாத டீம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை இருந்தால் 2021 ஜார்ஜியாவைப் பாருங்கள். நான் பார்த்ததில் அவ்வளவு அழகான முன்வரிசை வேறு இல்லை. ட்ராவன் வாக்கர், ஜோர்டன் டேவிஸ், டெவான்டே வையட் மூவரும் 2022-ல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே போனார்கள். வாக்கர் முதல் ஆளாகப் போனார். அதே வரிசையில் ஆடிய ஜேலன் கார்ட்டர் அடுத்த வருடம் ஒன்பதாவதாகப் போனார். டேவிஸ் 340 பவுண்டு. அவரை ஒரு ஆளை வைத்துத் தடுக்கவே முடியாது. அவருக்குப் பின்னால் ஆடிய லைன்பேக்கர் நகோபி டீன் உருவத்தில் சிறியவர். ஆனால் அந்த வருடம் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதை வாங்கினார். டீனின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமையைக் காட்ட அவருக்கு வழி விட்டது முன்னால் நின்ற நாலு பேர். அலபாமாவை 33-18 என்று ஜெயித்து சாம்பியன் ஆனார்கள்.

போர்ட்டல் பற்றிக் கேட்டீர்கள். 300 பவுண்டுக்கு மேல் எடையும் இருந்து, காலும் சுறுசுறுப்பாக இருக்கிற பதினெட்டு வயதுப் பையன்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர்தான். நல்ல ரிசீவர்கள் டஜன் கணக்கில் கிடைப்பார்கள், இவர்கள் கிடைக்க மாட்டார்கள். அவர்களிலும் பலர் தெற்கு மாநிலங்களில் வளர்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய டீம்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். எந்தக் கோச்சும் உண்மையிலேயே நல்ல டேக்கிளைப் போர்ட்டலுக்கு லேசில் இழக்க விரும்புவதில்லை. உங்கள் டீமும் 2023-ல் ஜார்ஜியாவிலிருந்து பேர் அலெக்ஸாண்டரைக் கொண்டுவந்தது. ஆனால் 2022-ல் 13.5 சாக் (பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) எடுத்த துலி துயிபுலோட்டு என்.எஃப்.எல். போய்விட்டார். ஒருவர் வந்து ஒருவர் போனால் வரிசை ஆகாது. ஒரு ஆட்டத்தில் எட்டு பேரையாவது மாற்றி மாற்றி இறக்க வேண்டும். அந்த எடையோடு ஒவ்வொரு முறையும் முட்டி எழுகிறவனுக்கு எவ்வளவு சீக்கிரம் மூச்சு வாங்கும் என்று நான் கம்பத்தடியில் நின்று பார்க்கிறேன். நாலாவது குவார்ட்டரில் கையைத் தரையில் ஊன்றும்போதே தெரிந்துவிடும். இடுப்பு உயர்ந்திருக்கும், முதுகு வளைந்திருக்கும்.

மிச்சிகனின் கடைசி டிரைவில் (தொடர் முயற்சியில்) கேலல் மல்லிங்ஸ் ஓடிய 63 யார்டும் அப்படித்தான் வந்தது என்பது என் எண்ணம். முன்வரிசை களைத்திருந்த நேரம் அது. மிச்சிகன் பக்கம் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் நடுவில் நின்று உங்கள் குவார்ட்டர்பேக் மில்லர் மாஸை முதல் பாதி முழுக்க நெருக்கியதையும் சேர்த்துப் பாருங்கள்.

லின்னுக்கும் டி-லைன் கோச் எரிக் ஹென்டர்சனுக்கும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். என்.எஃப்.எல்.லின் ராம்ஸ் டீமில் ஆரன் டொனால்டு என்ற பெரிய டி-லைன் வீரருக்குக் கோச்சாக இருந்தவர் ஹென்டர்சன். சொல்லிக்கொடுக்க அவருக்குத் தெரியும். உடம்பும் எண்ணிக்கையும் சேர இரண்டு மூன்று வருடம் ஆகும்.

இந்தச் சனிக்கிழமை விஸ்கான்சின் கொலிசியத்துக்கு வருகிறது இல்லையா? ஸ்கோரை மறந்துவிட்டு ஒரு கணக்கு மட்டும் எழுதி வாருங்கள். அவர்களுடைய ஒவ்வொரு மூன்றாவது டவுனிலும் எத்தனை யார்டு பாக்கி? ஏழு, எட்டு என்று வந்தால் முன்வரிசை வேலை செய்கிறது. இரண்டு, மூன்று என்றே வந்துகொண்டிருந்தால் அப்போது உங்கள் கண்ணைச் சேஃப்டியிடமிருந்து எடுத்து நோஸ் டேக்கிளின் காலில் வையுங்கள். அவன் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று வந்து எழுதுங்கள், சேர்ந்து பேசுவோம்.