பிறந்தநாள் வீட்டுல சினிமா விளையாட்டு: உங்க அனுபவம் சொல்லுங்க

பார்வதிபுரம் அப்பா
பையனுக்க எட்டாவது பிறந்தநாள். நெத்தியில நடிகர் பேரை ஒட்டிட்டு ‘நான் யாரு’ன்னு கேக்குத விளையாட்டுதான். சீட்டெல்லாம் விஜய், அஜித், சிவகார்த்திகேயன்னு எழுதிட்டு, நம்ம நாகர்கோவில்காரர் ஒருத்தராவது இருக்கட்டும்னு ஒண்ணுல கலைவாணர் என்.எஸ்.கே. சரியா அது அவன் நெத்திக்கே வந்துச்சு. “நான் சிரிக்க வைப்பேனா?” ஆமா. அடுத்தது, “நான் செத்துட்டேனா?” பிள்ளைய எல்லாம் என்னைப் பாத்துது. நான் தலையாட்டினேன். மொத்தக் கூட்டமும் ஒரே குரல்ல “ஆமா!”

அம்மா அடுக்களையில இருந்து கரண்டியோட ஓடி வந்தாங்க. கேக் வெட்டுததுக்கு முந்தி உப்பு மொளகு சுத்திப் போட்டாச்சு. அது போகட்டும். பையன் சீட்டைப் பிச்சுப் பாத்துட்டு, “இவரு என்ன பண்ணுவாருப்பா?”ன்னான். மணிமேடையில சிலை இருக்குல்லா, அவருன்னேன். “சிலை தெரியும். என்ன பண்ணுவாரு?” ஒரு காமெடிகூட செஞ்சு காட்ட எனக்குத் தெரியல.

தக்கலை மைனி
1957ல போனவரை எட்டு வயசுப் பிள்ளை நெத்தியில ஒட்டினது ஒங்க தப்பு. பாட்டி கோவப்பட்டதுல என்ன இருக்கு? விளையாட்டு பிள்ளையளுக்கா, அப்பாவுக்கா?

குளச்சல்காரி
மைனி, எங்க வீட்டுலயும் அதே கதைதான். டம்ப் ஷரேட்ஸ்ல, அதான் பேசாம நடிச்சுக் காட்டி படம் பேரைக் கண்டுபிடிக்க வைக்குத விளையாட்டுல, எங்க அம்மை எழுதிப் போட்டது ‘செம்மீன்’. 1965 படம், மலையாளம். அவங்களுக்கு அதை விட்டா வேற படம் கிடையாது. எடுத்த பிள்ளைக்கு யாரோ காதுல அர்த்தம் சொல்லிக் குடுத்தாச்சு. அது ஒரு விரலைக் காட்டிச்சு, பொறவு முதுகை வளைச்சு, ரெண்டு விரலை மீசை மாதிரி நீட்டி, பின்பக்கமா துள்ளிச்சு. கடக்கரைப் பிள்ளையளுக்கு இது தெரியாதா? “றாலு! றாலு!”ன்னு கூரை பறக்குது. அது தலையை ஆட்டி இல்லேங்குது. உடனே கணவாய், சிங்கி, நண்டு, கடைசில ஒருத்தன் சாளைன்னான். நேரம் முடிஞ்சு சீட்டைக் காட்டினதும் எதிர் டீம் பயல் அழுதுட்டான், “செம்மீன்னா றாலுதானே, நான் முதல்லயே சொன்னேன்லா”ன்னு. பாயிண்ட் குடுத்திருக்கணும். குடுக்கல. இன்னும் அவன் மொகம் கண்ணுக்குள்ள நிக்கி.

குழித்துறை மாமா
எங்க பக்கம் பாதிப் பிள்ளைய மோகன்லால் கட்சி, பாதி விஜய் கட்சி, சண்டையில பலூன் எல்லாம் உடஞ்சு. அவ்வளவுதான் எனக்க கதை. ஆனா கேளுங்க. ஆறு வயசுக்குள்ளன்னா சீட்டே எழுதாதீங்க, வாசிக்க வராது, படம் ஒட்டுங்க. கண்ணைக் கட்டிட்டு போஸ்டர்ல மீசை ஒட்டச் சொல்லலாம், குண்டூசி வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒட்டுத டேப் போதும். பாட்டு நின்னா சிலை மாதிரி நிக்கது நல்லது, ஆனா அவுட் ஆன பிள்ளையை சும்மா உக்கார வைக்காதீங்க, அதுதான் போய் கேக்குல விரல் வைக்கும். அதுக்கிட்ட பாட்டு நிறுத்துத வேலையைக் குடுங்க. பேரு எழுதுதுக்கு முந்தி பிறந்தநாள் பிள்ளைகிட்டயே பத்துப் பேரு கேட்டு வாங்குங்க. ‘உயிரோட இருக்காரா’ங்குத கேள்வி கிடையாதுன்னு முதல்லயே சொல்லிருங்க. பரிசு எல்லாருக்கும் ஒரே பென்சில் டப்பா, நிறம்கூட மாறப்பிடாது. பார்வதிபுரத்துக்காரரே, ‘நல்லதம்பி’ல வருத கிந்தனார் காலட்சேபத்தை யூட்யூப்ல போட்டுக் காட்டும்.

பார்வதிபுரம் அப்பா
போட்டேன் மாமா. ரெண்டு நிமிஷம் பாத்தான். “இவரு செத்துட்டாருல்லா, பொறவு எப்படிப் பாடுகாரு?”ங்கான். அம்மா மறுபடியும் உப்பு மொளகு எடுக்கப் போயிட்டாங்க.